பைதான் 3.8-ல் ஓடிய கூலிக் கணக்கு, சர்வரில் இப்போது 3.10 இருக்கிறது. சனிக்கிழமைக்குள் சரியாக வேண்டும்

காப்பித்தோட்ட ரைட்டர், ஏற்காடு
புதன், இரவு 9.40

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் 11 வருடமாக ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவளாக, இருக்கிறேன். பழம் பறிக்கிறவர்களின் எடைக்கணக்கு, ஆள் வருகைப் பதிவான செக்ரோல், சனிக்கிழமைக் கூலி எல்லாம் என் பொறுப்பு. முன்பெல்லாம் நோட்டுதான். என் தம்பி கல்லூரியில் படித்தபோது பைதான் என்ற மொழியில் ஒரு கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தான். ஆபீஸில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு என்ற சிஸ்டத்தின் 20.04 பதிப்பைப் போட்டு அதை ஓட்டினோம். களத்தில் தராசு பக்கத்தில் நின்றபடி போனிலேயே எடையை ஏற்றிவிடுவேன். வாரக் கடைசியில் ஆளுக்கு ஒரு சீட்டு, தமிழில், சின்ன பிரிண்டரில் அச்சாகி வரும். தன் பேரையும் எடையையும் தானே படித்துப் பார்த்து வாங்கிக்கொள்கிறார்கள் என்பதால் நோட்டுக் காலத்துச் சண்டை இப்போது கிடையாது.

20.04-க்கு சாதாரண ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது என்று தம்பி சொல்லிவிட்டுத்தான் கப்பலுக்குப் போனான். கரைக்கு வந்தால்தான் அவன் போன் கிடைக்கும். போன ஞாயிற்றுக்கிழமை நானே 22.04-க்கு ஏற்றினேன். நடுவில் பழைய பேக்கேஜ்களை நீக்கவா என்று கேட்டது. பயந்து 'வேண்டாம்' என்று கொடுத்தேன். மெஷின் நன்றாகத்தான் எழுந்தது. புரோகிராம் மட்டும் எழவில்லை. லாகில் கடைசி வரி 'நோ மாட்யூல் நேம்டு ஃபிளாஸ்க்'. புரோகிராம் நம்பியிருக்கும் ஃபிளாஸ்க் என்ற நூலகம் இல்லையாம், ஆனால் அது அந்த ஃபோல்டருக்குள் இருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன்!

பைதான் பதிப்பைக் கேட்டேன். 3.10 என்றது. முன்பு 3.8 இருந்தது நிச்சயம், தம்பி எழுதிக் கொடுத்த தாளில் இருக்கிறது. நான் நாள் முழுக்க எடை பார்க்கிறவள். 3.8 கிலோ என்றால் 3 கிலோ 800 கிராம், 3.10 என்றால் 3 கிலோ 100. அப்படியானால் அப்கிரேடு பண்ணியதில் பைதான் பழையதாகக் கீழே இறங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கீழே சேலத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற ஒருவரிடம் போனில் கேட்டேன். 'அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ்' கட்டளையால் பைதான்3 என்ற பெயரையே 3.8-க்குத் திருப்பச் சொன்னார். செய்தேன். கணக்கு உடனே ஓடியது. ஆனால் இன்று, உபுண்டுவின் பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும் 'ஏபிடி அப்டேட்' கொடுத்தால் கடைசியில் 'நோ மாட்யூல் நேம்டு ஏபிடி_பிகேஜி' என்று வந்து நிற்கிறது. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று உடைகிறது. இந்த வாரம் பறிப்பு உச்சத்தில் இருக்கிறது, 46 பேருக்குக் கூலி போட வேண்டும். மேலே கை வைக்கப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?


சூரமங்கலம் சர்வர்காரன், சேலம்
புதன், இரவு 10.25

அக்கா, முதலில் ஒன்று. இப்போதைக்கு எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள், எதையும் நீக்கவும் வேண்டாம். முக்கியமாக, தேவையில்லாத பேக்கேஜ்களை நீக்கும் 'ஆட்டோரிமூவ்' என்று ஏபிடி யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பழைய பேக்கேஜ்களை நீக்க 'வேண்டாம்' கொடுத்தீர்களே, அதனால்தான் உங்கள் மெஷினில் 3.8 இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆட்டோரிமூவ் போட்டால் அது போய்விடும், அது நம்பியிருக்கும் பழைய ஓபன்எஸ்எஸ்எல் 1.1 நூலகமும் கூடவே போய்விடும்.

அடுத்து, பதிப்பு எண். புள்ளிக்குப் பின்னால் இருப்பது தசமம் இல்லை. 3.8 என்றால் மூன்றாவது வரிசையில் எட்டாவது, 3.10 என்றால் பத்தாவது. 3.8 வந்தது 2019 அக்டோபரில், 3.9 2020-ல், 3.10 2021-ல். உங்கள் தராசில் இது நிற்காது. வீட்டுக் கதவு எண் மாதிரி எண்ணிக்கொள்ளுங்கள், 8-க்கு அப்புறம் 9, அப்புறம் 10. ஆக உங்கள் பைதான் மேலேதான் போயிருக்கிறது.

ஃபிளாஸ்க் கண்ணுக்குத் தெரிந்தும் கிடைக்காமல் போனது ஏன் என்றால், உங்கள் தம்பி வெர்ச்சுவல் என்விரான்மென்ட், அதாவது இந்தக் கணக்குக்கென்றே தனியாக நூலகங்கள் வைக்கும் இடம், போட்டிருக்கிறார். நல்ல வேலை. கூலி ஃபோல்டருக்குள் 'வென்வ்' இருக்கும், அதற்குள் 'பின்' ஃபோல்டரில் பைதான்3 என்று ஒன்று இருக்கும். அது தனி பைதான் இல்லை, சிஸ்டத்தின் பைதான்3-ஐக் கைகாட்டும் வெறும் சிம்லிங்க், வழிகாட்டிப் பலகை மாதிரி. 20.04-ல் சிஸ்டத்தின் பைதான்3 என்றால் 3.8. 22.04-ல் 3.10. லிங்க் அதேதான், அது காட்டும் ஆள் மாறிவிட்டார். புது ஆள் 'லிப்' ஃபோல்டருக்குள் 'பைதான்3.10' என்ற அறையைத் தேடுகிறார். ஃபிளாஸ்க் இருப்பதோ 'பைதான்3.8' என்ற அறையில்.

சிஸ்டத்தின் பைதான்3-ஐ 3.8-க்குத் திருப்பியதும் கணக்கு ஓடியதற்கும், ஏபிடி உடைந்ததற்கும் காரணம் ஒன்றுதான். உபுண்டு தன் சொந்த வேலைக்கு அந்தப் பைதான்3-ஐத்தான் வைத்திருக்கிறது. ஏபிடி_பிகேஜி என்பது 3.10-க்காகக் கம்பைல் செய்த ஃபைல், 3.8-ஆல் அதைத் திறக்க முடியாது. ஏபிடி மட்டும் இல்லை. ஃபயர்வால் ஆன யுஎஃப்டபிள்யூ, நெட்வொர்க் அமைக்கும் நெட்பிளான் கட்டளை, தானாகப் பாதுகாப்புத் திருத்தம் போடும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் எல்லாமே பைதானில் எழுதியவை. உங்கள் கணக்குக்காக மொத்த வீட்டின் மெயின் சுவிட்சை மாற்றிவிட்டீர்கள். மாற்ற வேண்டியது அந்த ஒரு அறையின் சுவிட்சை மட்டும்.

சனிக்கிழமைக்காக இதைச் செய்யுங்கள், இதே வரிசையில்:

முதலில் கூலி ஃபோல்டர் முழுவதையும் பென்டிரைவில் காப்பி எடுங்கள். டேட்டாபேஸ் ஃபைலும் அதற்குள்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு வென்வ் பின்னுக்குள் இருக்கும் பைதான்3 லிங்கை மட்டும் 'எல்என்' கட்டளையில் மைனஸ் எஸ்எஃப்என் கொடுத்து நேராக /யுஎஸ்ஆர்/பின்/பைதான்3.8-க்குத் திருப்புங்கள். இனி சிஸ்டத்தில் என்ன மாறினாலும் உங்கள் கணக்கு 3.8-ஐ விட்டு நகராது.

அதன் பின் அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸுக்கு 'ரிமூவ்-ஆல் பைதான்3' கொடுங்கள். கவனம், இது /யுஎஸ்ஆர்/பின்/பைதான்3 என்ற லிங்கையே அழித்துவிடும். அந்த நொடியில் சிஸ்டத்துக்குப் பைதான்3 என்ற பெயரே இருக்காது. அதனால் உடனே அடுத்த வரியிலேயே, அதே இடத்தில் பைதான்3.10-க்கு ஒரு சிம்லிங்க் போடுங்கள். இரண்டு கட்டளையையும் முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அடியுங்கள். நடுவில் டீ குடிக்கப் போக வேண்டாம்.

இனி, பாதியில் நின்ற பேக்கேஜ் ஏதாவது இருந்தால் முடித்துவைக்க 'டிபிகேஜி கன்ஃபிகர் மைனஸ் ஏ', அதற்குப் பிறகு ஏபிடி அப்டேட். பிழை வராது. கடைசியாக 'ஏபிடி-மார்க் மேனுவல் பைதான்3.8'. இது போட்டால் ஆட்டோரிமூவ் இனி 3.8-ஐத் தொடாது.


டெர்மினல்_தம்பி, ஆத்தூர்
புதன், இரவு 10.50

இவ்வளவு எதற்கு? ஏபிடி_பிகேஜி ஃபைல் பெயரில் 'சிபைதான்-310' என்று இருக்கும். அந்த ஃபோல்டருக்குப் போய், 'ஏபிடி_பிகேஜி.எஸ்ஓ' என்ற பெயரில் அதற்கு ஒரு சிம்லிங்க் போட்டால் போதும். எனக்கு அந்த எரர் போய்விட்டது.


சூரமங்கலம் சர்வர்காரன், சேலம்
புதன், இரவு 11.05

தம்பி, அந்த வழி நிறைய இடத்தில் எழுதியிருக்கிறது, தெரியும். ஆனால் இந்த அக்காவுக்கு அது வேண்டாம். பெயரை மாற்றினால் 'கிடைக்கவில்லை' என்ற புகார் நிற்கலாம், உள்ளே இருப்பது 3.10-க்குக் கம்பைல் செய்ததுதானே. 3.8 அதை ஏற்றும்போது பாதியில் விழும். இல்லையென்றால் இன்றைக்கு ஓடி, நாளைக்கு ஒரு பேக்கேஜைப் பாதி இன்ஸ்டால் செய்து நிற்கும். மலையில் ஒரு பெண் தனியாக 46 பேர் கூலியை வைத்துக்கொண்டிருக்கும்போது அப்படி ஒரு யோசனை சொல்ல எனக்கு மனசு வராது.


காப்பித்தோட்ட ரைட்டர், ஏற்காடு
வியாழன், காலை 8.15

செய்துவிட்டேன். காலை 5.30-க்கு எழுந்து, ஆட்கள் வருவதற்கு முன்பே. தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் அடித்தேன். ரிமூவ்-ஆல் அடித்ததும் கை கொஞ்சம் நடுங்கியது, உடனே அடுத்த வரி. அப்புறம் பைதான்3 பதிப்பைக் கேட்டால் 3.10, வென்வ்-க்குள் கேட்டால் 3.8. இரண்டும் ஒரே மெஷினில் ஒன்றுக்கொன்று தொந்தரவில்லாமல் இருக்கலாம் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் புரிந்தது. ஏபிடி அப்டேட் பிழையில்லாமல் முடிந்தது. கணக்கும் ஓடுகிறது, காலையில் முதல் எடையைப் போனில் ஏற்றிப் பார்த்துவிட்டேன். சூரமங்கலம் தம்பிக்கு ரொம்ப நன்றி. கதவு எண் என்று சொன்னது மனசில் நின்றுவிட்டது.


காப்பித்தோட்ட ரைட்டர், ஏற்காடு
வியாழன், இரவு 8.30

மன்னிக்கவும், இன்னொன்று. தினமும் 7 மணிக்கு அன்றைய மொத்த எடையை எக்செல் ஃபைலாக முதலாளிக்கு அனுப்பும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் உண்டு. இன்று போகவில்லை, அவர் போன் செய்து கேட்டார். கணக்குப் பக்கம் நன்றாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அது ஓடும்போது இது ஏன் ஓடவில்லை?


சூரமங்கலம் சர்வர்காரன், சேலம்
வியாழன், இரவு 8.50

அது கிரானில், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓட வைக்கும் பட்டியலில், இருக்கும் அக்கா. 'கிரான்டேப் மைனஸ் எல்' அடித்துப் பாருங்கள். அந்த வரியில் வெறும் 'பைதான்3' என்று இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அது வென்வ்-க்குள் போகவே இல்லை, சிஸ்டத்தின் பைதானைக் கூப்பிடுகிறது. பழைய 20.04-ல் யாரோ எக்செல் நூலகத்தை, பைதான் நூலகங்களைப் போடும் பிப் கட்டளையால் 'சூடோ பிப்' என்று நேராகச் சிஸ்டத்திலேயே போட்டிருப்பார்கள். அது /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப்/பைதான்3.8-க்குள் உட்கார்ந்திருக்கும். நேற்று வரை சிஸ்டம் 3.8-ஐக் காட்டியதால் இதுவும் ஓடியது. இன்று 3.10-க்குத் திருப்பியதும் அதே அறைக் கதை.

கிரான் வரியில் பைதான்3 என்பதை /யுஎஸ்ஆர்/பின்/பைதான்3.8 என்று முழுப் பாதையாக மாற்றுங்கள், இப்போதைக்கு போதும். கிரானில் எப்போதுமே முழுப் பாதை எழுதுவதுதான் நல்லது. நீங்கள் டெர்மினலில் உட்கார்ந்திருக்கும்போது இருக்கும், கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் 'பாத்' அமைப்பு கிரானுக்குக் கிடைக்காது.


காப்பித்தோட்ட ரைட்டர், ஏற்காடு
வியாழன், இரவு 9.05

அப்படியேதான் இருந்தது. மாற்றி, கையால் ஒருமுறை ஓட்டினேன், ஃபைல் போய்விட்டது.

சனிக்கிழமை தாண்டியதும் இதை 3.10-க்கே ஒழுங்காகக் கொண்டுபோக ஆசை. 3.8-க்கான ஆதரவு 2024 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது என்று படித்தேன். எவ்வளவு வேலை அது? இங்கே நெட் மெதுவாகத்தான் வரும், பனி இறங்கினால் அதுவும் இல்லை.


கொலுசுக்கடை லேபிள், செவ்வாய்ப்பேட்டை
வெள்ளி, மதியம் 1.20

அக்கா, நான் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றுக்கு எடை லேபிள் அச்சடிக்கும் புரோகிராம் பார்த்துக்கொள்கிறேன். நீங்களும் தமிழில் சீட்டு அச்சடிக்கிறீர்கள் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. போன வருடம் இதே 3.8-லிருந்து 3.10-க்கு நான் மாறியபோது பட்டதைச் சொல்கிறேன், நீங்கள் படவேண்டாம்.

பழைய வென்வ்-ஐ அழிக்காதீர்கள். பெயரும் மாற்றாதீர்கள், அதற்குள் இருக்கும் பிப் போன்ற ஸ்கிரிப்டுகளின் முதல் வரியில் பழைய முழுப் பாதை எழுதியிருக்கும், பெயர் மாறினால் அவை ஓடாது. பக்கத்திலேயே 'வென்வ்310' என்று புதிதாக ஒன்று போடுங்கள். உபுண்டுவில் அதற்கு 'பைதான்3-வென்வ்' பேக்கேஜ் தனியாக வேண்டும். பழைய வென்வ்-ல் 'பிப் ஃப்ரீஸ்' அடித்தால் எது எந்தப் பதிப்பு என்று பட்டியல் வரும். கிரானில் இருந்த எக்செல் நூலகம் அதில் இருக்காது, கையால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டியலை அப்படியே போட்டால், படமும் எழுத்தும் வரையும் பில்லோ நூலகத்தில் தடுக்கும். என்னிடம் 7.2 இருந்தது. அது 3.10 வருவதற்கு முன்பே வந்தது என்பதால் 3.10-க்குக் கட்டி வைத்த வீல் ஃபைல் அதற்குக் கிடையாது. பிப் தானே கம்பைல் செய்யப் பார்த்து, ஜேபெக் ஹெடர் இல்லை என்று விழும். சரி, புதியதையே போடுவோம் என்று பதிப்பு எண்ணை எடுத்துவிட்டேன். அதுவும் தப்பு. எழுத்தின் அகலம் அளக்க எங்கள் புரோகிராமில் 'டெக்ஸ்ட்சைஸ்' என்ற ஃபங்ஷன் இருந்தது, 2023 ஜூலையில் வந்த பில்லோ 10-ல் அதை நீக்கிவிட்டார்கள். நடுவில் இருக்கும் 9.5.0 போடுங்கள். 3.10-க்கு வீல் உண்டு, டெக்ஸ்ட்சைஸும் உண்டு, எச்சரிக்கை மட்டும் காட்டும். சீசன் முடிந்து நிதானமாக 'டெக்ஸ்ட்பிபாக்ஸ்' என்ற புது ஃபங்ஷனுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஃபிளாஸ்க் 1.1 என்றால் அதன் கூட்டாளிகளின் பதிப்புகளையும் பட்டியலில் உள்ளபடியே விடுங்கள். ஃபிளாஸ்க் பழையது, ஜின்ஜா மட்டும் புதியது என்று கலந்தால் 'எஸ்கேப்' கிடைக்கவில்லை என்று நிற்கும்.

இனி நான் மிகவும் சொல்ல நினைத்தது. தமிழை ஒழுங்காக அடுக்க பில்லோவுக்கு 'ராக்ம்' வேண்டும். 8.2-லிருந்து வீலுக்குள்ளேயே ராக்ம் வருகிறது. ஆனால் அது ஓடும் நேரத்தில் 'ஃப்ரிபிடி' என்ற இன்னொரு நூலகத்தைச் சிஸ்டத்தில் தேடும். அது இல்லையென்றால் பிழை எதுவும் காட்டாது, பேசாமல் சாதா முறையில் அச்சடித்துவிடும். நான் புதிய மாற்றத்தை டாக்கரில், அதாவது புரோகிராமைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் முறையில், ஒரு சின்ன இமேஜில் வைத்தேன், அதில் ஃப்ரிபிடி இல்லை. லேபிள் எல்லாம் கடகடவென்று வந்தது. எடுத்துப் பார்த்தால் 'கொலுசு' என்பதில் ஒற்றைக் கொம்பு க-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறது. 300 லேபிள், ஒன்று பாக்கியில்லை. எழுத்து அப்படி உடைந்து கிடப்பதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. உங்கள் சீட்டில் 'மொத்தம்' இருக்கும், 'கிலோ' இருக்கும். முதல் சீட்டை அடிக்கும் முன், பில்லோவின் 'ஃபீச்சர்ஸ்' பகுதியில் ராக்ம் இருக்கிறதா என்று கேளுங்கள். 'ட்ரூ' என்று வந்தால்தான் பிரிண்டரைத் தொடுங்கள்.

நெட்டுக்குக் கவலை வேண்டாம். பட்டியலை இங்கே போடுங்கள். நான் 'பிப் டவுன்லோடு' மூலம் 3.10-க்கான வீல்களை மட்டும் பென்டிரைவில் எடுத்து, ஞாயிறு காலை பஸ்ஸில் மேலே வரும் என் சித்தியிடம் கொடுத்துவிடுகிறேன். ஃபைல் பெயரில் 'சிபி310' என்றோ, எல்லாப் பதிப்புக்கும் பொதுவான 'பிஒய்3' என்றோ இருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். 'சிபி38' என்று இருந்தால் அது நான் தவறி வைத்தது.


காப்பித்தோட்ட ரைட்டர், ஏற்காடு
சனி, இரவு 7.50

கூலி முடிந்தது. 46 சீட்டு. கடைசி ஆள் வாங்கிக்கொண்டு கிளம்பியபோது 7.10. யாருக்கும் நான் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. செவ்வாய்ப்பேட்டைத் தங்கச்சி, பட்டியலைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். சித்தி எந்த பஸ் என்று சொல்லுங்கள், நான் ஏரிப் பக்கம் வந்து வாங்கிக்கொள்கிறேன்.


காப்பித்தோட்ட ரைட்டர், ஏற்காடு
ஞாயிறு, மாலை 6.20

பென்டிரைவ் வந்தது. சித்திக்கு எங்கள் தோட்டத்து மிளகு கொஞ்சம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், தங்கச்சி வாங்கிக்கொள்ளுங்கள்.

வென்வ்310 போட்டு, பென்டிரைவிலிருந்தே எல்லாம் ஏறியது. பில்லோ 9.5.0. ராக்ம் 'ட்ரூ'. ஆனால் புரோகிராமை ஓட்டினால் ஒரே வரியில் நின்றுவிட்டது: 'பைதான் பழையது, 3.6-க்கு மேல் வேண்டும்'. இது என் தம்பி தமிழில் எழுதி வைத்த செய்தி. 3.10 எப்படி 3.6-ஐ விடப் பழையதாகும் என்று, நீங்கள் சொல்லிக் கொடுத்த தைரியத்தில், ஃபைலைத் திறந்து பார்த்தேன். பதிப்பை வாங்கி அதன் முதல் மூன்று எழுத்தை மட்டும் வெட்டி ஒப்பிடுகிறான். 3.8 என்றால் மூன்று எழுத்து சரி. 3.10-ல் முதல் மூன்று எழுத்து 3.1 ஆகிவிடுகிறது!

புதன்கிழமை நான் நினைத்ததையேதான் புரோகிராமும் நினைத்திருக்கிறது. இதை எப்படி மாற்றுவது?


சூரமங்கலம் சர்வர்காரன், சேலம்
ஞாயிறு, மாலை 6.45

அருமையாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள் அக்கா. 'சிஸ்.வெர்ஷன்' எழுத்தாக வரும், அதை வெட்ட வேண்டாம். 'சிஸ்.வெர்ஷன்_இன்ஃபோ' என்று ஒன்று உண்டு, அது எண்களாகவே வரும். அதை 3, 6 என்ற ஜோடியோடு ஒப்பிடுங்கள். முதலில் 3-ஐ 3-ஓடு, பிறகு 10-ஐ 6-ஓடு பார்க்கும். அந்த ஒரு வரி மாற்றினால் போதும்.

அது ஓடியதும், புரோகிராமைத் தானாக எழுப்பும் சர்வீஸ் ஃபைலிலும் கிரானிலும் பாதையை வென்வ்310-க்கு மாற்றி, 'டீமன்-ரீலோடு' கொடுத்துவிட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பழைய வென்வ்-ஐயும் 3.8-ஐயும் பிப்ரவரியில் பறிப்பு முடியும் வரை அப்படியே விட்டுவையுங்கள்.


காப்பித்தோட்ட ரைட்டர், ஏற்காடு
ஞாயிறு, இரவு 7.30

ஓடுகிறது. என் பேரிலேயே ஒரு சோதனைச் சீட்டு அடித்தேன். 'மொத்தம் 3.8 கிலோ'. கொம்பு ம-வுக்கு முன்னால்தான் நிற்கிறது.